விழுங்கிய ஐந்து சொற்கள்

இது நடந்த வரிசை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். மெய்ரிக் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அவனும் சில இடங்களில் தயங்கினான். அந்தப் பத்துச் சொற்களில் மட்டும் தயங்கவில்லை.

நான்ட்வென் ரக்பி அணிக்கு மெய்ரிக் நான்கு ஆண்டுகள் தலைவனாக இருந்தான். ஒவ்வொரு கோடையிலும், ஆட்டங்கள் தொடங்கும் முன், அணியின் டாக்டர் நெரிஸ் ஒவ்வொருவரையும் தனியறையில் உட்காரவைத்துச் சோதிப்பார். எல்லோருக்கும் ஒரே பத்துச் சொற்களை வாசிப்பார், திருப்பிச் சொல்லவேண்டும். டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லவேண்டும். மதிப்பெண் தாளில் ஏறிவிடும். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால், பன்னிரண்டு நிமிடம் வெளியே வைத்து மறுபடியும் அதே மாதிரி சோதனை. மதிப்பெண் குறைந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அடுத்த சில வாரங்களும் போயின. அதற்குள் அவன் இடத்தில் இன்னொருவன் வேரூன்றிவிடுவான்.

ஆகவே கோடையிலேயே வேண்டுமென்றே மட்டமாகச் செய்துவிடுவது வீரர்களின் வழக்கம். முன்பே குறைந்து கிடப்பதில் அடிபட்ட பிறகு குறைய என்ன இருக்கிறது? மெய்ரிக்குக்கு இதை மூத்த ஆட்டக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் யெஸ்டினுக்குச் சொன்னான். யெஸ்டின் வேறு அணியிலிருந்து வந்து சேர்ந்தவன். இருபத்தாறு வயது, மணமானவன். மைதானத்துக்குப் பின்னால் கார்களுக்கு நடுவே நின்று பேசினார்கள்.

"மொத அஞ்சைச் சொல்லு, மிச்சத்தை முழுங்கிடு. மூணு சொன்னா டாக்டரம்மா மறுபடி உக்கார வச்சிடுவாங்க. முட்டாளா நடி, ஆனா அளவா நடி."

"அப்ப உன்னைப் பாத்து அப்படியே செஞ்சிடறேன், கேப்டன்," என்றான் யெஸ்டின்.

உள்ளே போய் ஐந்து சொன்னான்.

மார்ச் மாதம், சொந்த மைதானத்தில் ஆட்டம். இரண்டு புள்ளி முன்னிலை. எதிராளியின் கால்களைப் பிடிக்கப் பாய்ந்த யெஸ்டினின் நெற்றிப்பொட்டில் முழங்கால் மோதியது. நெரிஸ் அவனை உள்ளே அழைத்துப்போய்ச் சோதித்தார். ஐந்து சொல் சொன்னான். கோடைத் தாளிலும் ஐந்து. திருப்பி அனுப்பினார்.

வந்தவன் மெய்ரிக்கின் அருகில் நின்று ஸ்கோர் என்ன என்று கேட்டான். மெய்ரிக் சொன்னான். சற்றுப் பொறுத்து யெஸ்டின் மறுபடியும் கேட்டான். பந்து வலப்பக்கம் போக, அவன் இடப்பக்கம் ஓடினான். மெய்ரிக் அவன் கண்களைப் பார்த்தான். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நடுவரிடம் ஒரு வார்த்தை போதும். ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருந்தது.

அவன் சொல்லவில்லை.

அடுத்து வந்தது சாதாரண மோதல், ஒரு ஆட்டத்தில் நூறு நடக்கும். எல்லோரும் எழுந்தார்கள். யெஸ்டின் எழவில்லை. மூன்றாம் நாள் கார்டிஃப் மருத்துவமனையில் இறந்துபோனான்.

சவப்பெட்டியை அணிதான் சுமந்தது. தேவாலயத்தில் ஆண்கள் அடித்தொண்டையில் பாட, மெய்ரிக் வாயை மட்டும் அசைத்தான்.

பழி டாக்டர்மேல் விழுந்தது. தலையில் அடிபட்டவனை ஆட அனுப்பியவர் என்று பத்திரிகைகள் எழுதின. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். வீரர்கள் உடைமாற்றும் அறையில் கூடிப் பேசினார்கள். கோடைச் சோதனையைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கக்கூடாது, திறந்தால் இருபது பேரின் பிழைப்பும் போகும், செத்தவன் பெயரும் கெடும் என்றார் பயிற்சியாளர். மெய்ரிக் தலையாட்டினான்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. கடையில் ரொட்டி வாங்க நிற்பான். காதருகே யெஸ்டினின் குரல் "மேகம்" என்று சொல்லும். வண்டியை ஓரம் நிறுத்துவான், "கரண்டி". யெஸ்டின் அன்று சொன்ன ஐந்தில் ஒன்றுகூட வராது. விழுங்கிய ஐந்துதான் வந்தன, ஒவ்வொன்றாக, மிகப் பொறுமையாக, தனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டுவதைப்போல. வீட்டில் அவன் பேசுவதை நிறுத்தினான். மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகல் நெரிஸ் வந்தார். கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். வைத்த தேநீர் ஆறியது. ரொம்ப நேரம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும், மெய்ரிக். நான் ரொம்ப மெதுவா, சுலபமா வாசிச்சிட்டேனா? வெளிய கூட்டம் கத்திட்டு இருந்துச்சு. அதுல அவன் சொன்னதை நான் தப்பாக் கேட்டுட்டேனோ? வீட்ல தினமும் வாசிச்சுப் பாக்கறேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியல."

அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விசாரணையில் மூன்று பேர் எதிரே அமர்ந்திருந்தார்கள். திரும்பி வந்த யெஸ்டின் இயல்பாக இருந்தானா என்று நடுவிலிருந்த அம்மையார் கேட்டார். மெய்ரிக் தன்னுடைய கோடைத் தாளை எடுக்கச் சொன்னான். பத்தில் நான்கு என்று அதில் இருந்தது. சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவன் ஆரம்பித்தான்.

"கதவு, குதிரை, உப்பு, மணி, கம்பளி. மேகம், கரண்டி, காகம், நூல், ஏணி."

ஒன்றும் பிசகவில்லை. அந்தச் சொற்களைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. டிசம்பரிலிருந்து ஜனவரிவரை மாதங்களையும் தடுமாறாமல் சொன்னான். பின்வரிசையில் பயிற்சியாளர் எழுந்து வெளியே போனார்.

"நாங்க எல்லாருமே தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னோம். யெஸ்டினுக்குச் சொல்லிக்குடுத்தது நான். அவன் சரியில்லன்னு பாத்துட்டுச் சும்மா இருந்ததும் நான்தான். டாக்டரம்மா கையில இருந்தது பொய்க் கணக்கு."

நெரிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைமேல் வைத்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. ஆனால் அவர் ரக்பிக்குத் திரும்பவில்லை. கடலோர ஊர் ஒன்றில் முதியோருக்கு வைத்தியம் பார்க்கிறார். மெய்ரிக்குக்கு ஆயுள் தடை. இன்னும் பதினொரு பேர் ஒப்புக்கொண்டு ஆளுக்கு ஆறு மாதம் தடைபெற்றார்கள். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சியாளருக்குப் பிரான்ஸில் வேலை கிடைத்தது. யெஸ்டினின் மனைவி மாரெட் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டாள். மெய்ரிக் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. மெய்ரிக் மாட்டுத்தீவன லாரி ஓட்டுகிறான். குரல் இன்னும் கேட்கிறதா என்று நான் கேட்டதற்கு, கேட்கிறது என்றான்.