நார்மல் ரிப்போர்ட்டுக்கு ஒரு சண்டை

மூன்றாவது முறையாக அந்தப் பெண் ஆய்வகத்து ஜன்னலில் வந்து நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற டாக்டர் நான். ஜன்னலில் நின்று மல்லுக்கட்டுவது என் வேலை இல்லை.

"ரிப்போர்ட் தப்பு டாக்டர். இன்னொரு தடவ பாருங்க."

அவள் இடுப்பில் ஒன்றரை வயது மகள். குழந்தையின் ஈரலில் கட்டி இருப்பதாக ஸ்கேன் சொன்னது. சிறு குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும் ஈரல் புற்றுநோய் என்றால் ரத்தத்தில் ஒரு புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். இந்தக் குழந்தைக்கு வெறும் ஒன்பது. நார்மல். சாதாரணக் கட்டிதான், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சர்ஜனும் அனுப்பிவிட்டார்.

"நார்மல்னு வந்தா சந்தோஷப்படுங்கம்மா. ஏன் உயிர வாங்குறீங்க?"

"அதத்தான் டாக்டர் நானும் சொல்றேன்" என்றார் பின்னால் நின்ற கணவர். "நல்லது சொன்னா இவ காதுல ஏறாது."

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கை காலெல்லாம் மெலிஞ்சுகிட்டே வருது, வயிறு மட்டும் பெருசாகுது. போன வாரம் போட்ட சட்டைக்கு இப்ப பட்டன் மாட்டல."

தொலைகிறது என்று உள்ளே போய், இருபது வருஷ சர்வீஸ் உள்ள டெக்னீஷியன் அம்மாவிடம் கேட்டேன். "சாம்பிள நீர்க்க வச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்கு மேடம்? மெஷின் ஒண்ணும் கேக்கலையே."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் புரதம் அளவுக்கு மீறி இருந்தால் மெஷின் திணறி, குறைவாகக் காட்டிவிடும். ரத்தத்தை நீர்க்க வைத்துப் போட்டால்தான் உண்மை வரும். மெஷின் கேட்காதுதான். நான் கேட்டிருக்க வேண்டும். ஈரலில் கட்டி என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, பதினொரு நாள் ஆகிறது.

நூறு மடங்கு நீர்க்க வைத்தோம், போதவில்லை. ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்த பிறகு எண் வந்தது. ஒன்பது லட்சம்.

சர்ஜனுக்குப் போன் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. "நீங்க சொன்னதுதாம்மா சரி. தப்பு என்னோடது. இன்னைக்கே பாப்பாவ அட்மிட் பண்ணணும். பெரும்பாலும் மருந்துக்குச் சுருங்குற கட்டிதான், அப்புறம் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

கணவர் பழைய ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டையில் ஜெயித்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்றதுதான் தப்புன்னு காட்டி, திட்டி அனுப்பிட மாட்டீங்களான்னுதான் டாக்டர் திரும்பத் திரும்ப வந்தேன்."