மூணுக்கு மூணு

வேதமுத்துவின் மூக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யாரைப் பார்த்தாலும் அவரே அதைத்தான் முதலில் சொல்வார். செம்பூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் காலமெல்லாம் குப்பை கொட்டியும் கெடாத மூக்கு. விஸ்கியை முகர்ந்தால் போதுமாம், அது அமெரிக்காக்காரனின் போர்பனா, ஸ்காட்லாந்துச் சரக்கா, நம் பெங்களூர்ச் சரக்கா என்று சொல்லிவிடுவாராம். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார், அது வேறு விஷயம்.

குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம், மூன்று பாட்டில், ஒவ்வொன்றிலும் ரெண்டு மடக்கு, அவ்வளவுதான். கூட்டாளி மாதுங்கா வேங்கடசுப்ரமணியன், பேங்கில் ரிட்டயர் ஆனவர். வெங்காயம் நுழையாத வீட்டில் கச்சேரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்காருவார்.

மனைவி லூசியம்மாள் ஆரம்பத்தில் உபவாசம் இருந்து ஜெபித்துப் பார்த்தாள். கர்த்தர் அசையவில்லை. கடைசியில் பாட்டிலைத் தானே வாங்கிக்கொண்டாள். "நானே ஊத்துதேன். அப்பத்தான் அளவு நிக்கும்" என்றாள். விளையாட்டே அதில் பிறந்ததுதான். அவள் அடுக்களையில் மூன்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுவாள். கண்ணாடி என்றால் நிறம் காட்டிக்கொடுத்துவிடுமே. எது எதுவென்று அவளுக்கு மட்டும் தெரிய, டம்ளருக்கு அடியில் ஒவ்வொரு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாள். பொட்டே வைக்காத வேதக்கார வீட்டில் ஒரு பொட்டு அட்டை கிடந்தது இதற்காகத்தான். இவர்கள் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல, அவள் டம்ளரைத் தூக்கிப் பார்த்து மார்க் போடுவாள். வேதமுத்து ஒருநாளும் மூன்றையும் சரியாகச் சொன்னதில்லை.

இந்த வருஷப் பிறப்பன்றுதான் சொன்னார். கப்பலில் வேலை பார்க்கும் தம்பி மகன் ஜாபெஸ் ரெண்டு போர்பன் கொண்டுவந்திருந்தான். ஒன்றின் கழுத்தில் சிவப்பு மெழுகு, மற்றதில் இறுக்கமான கார்க். மூன்றாவது, ஏற்கெனவே திறந்திருந்த பெங்களூர் பாட்டில். அன்றைக்கு அடுக்களையில் நேரமாகிக்கொண்டே போனது. "ஒரு பாட்டிலைத் திறக்க இவ்வளவு நேரமா? கிறிஸ்மஸே திரும்பி வந்துரும் போலிருக்கே" என்று வேதமுத்து கத்தினார். "வந்து எடுத்துட்டுப் போங்க" என்று பதில் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்து வந்தார்.

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு, ஓய்" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"ஃபில்டர் காப்பியில வெந்த நாக்கு சாமி உங்களுக்கு" என்று வேதமுத்து சிரித்தார். முதல் டம்ளரில் வெனிலா, ரெண்டாவதில் கருகின சர்க்கரை, மூன்றாவதில் நம்ம ஊர் வெயில் என்று நீட்டி முழக்கினார். லூசியம்மாள் குனிந்து டம்ளர்களின் அடியைப் பார்த்தாள். "மூணுக்கு மூணு. எல்லாம் சரி" என்றாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. சபையில் விஸ்கி என்று சொல்ல முடியாதே, அதனால் ஏதோ போட்டியில் ஜெயித்ததாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். அதற்குள் மகளின் பிரசவ வேலை வந்துவிட, சனிக்கிழமை விளையாட்டு நின்றுபோனது.

பங்குனி வெயிலில் லூசியம்மாள் சோற்றுச் சட்டியோடு விழுந்தாள். தலைக்குள் கட்டி. கை பலவீனம் எப்போது ஆரம்பித்தது, பொத்தான் போட, மூடி திறக்கச் சிரமப்பட்டார்களா என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணுமே இல்லை டாக்டர். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா" என்றார் வேதமுத்து. படுக்கையிலிருந்து அவளும் ஆமாம் என்று தலையசைத்தாள். முன்னாடியே வந்திருந்தால் ஆபரேஷன் செய்து பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். ஈஸ்டருக்கு அவள் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார். ஒரு அடையாளமும் இல்லை, இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சாப்பிட்டார், தூங்கினார்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை வேங்கடசுப்ரமணியன் குடையோடு வந்து நின்றார். "போதும் ஓய், இப்படியே சுவரைப் பாத்துண்டு உக்காந்திருக்காதீர். அன்னிக்கு ருசி பார்த்த அந்த மூணையே இன்னொரு தடவை பாக்கலாம்." பாண்டுப்பிலிருந்து மகள் ஜெஸி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "நான் ஊத்துதேம்பா" என்று அவளே எழுந்து போனாள்.

சற்று நேரத்தில் ரெண்டு கையிலும் ரெண்டு பாட்டிலோடு வந்தாள். "அப்பா, இந்த ரெண்டையும் யாரும் திறக்கவே இல்லையே."

வேதமுத்து வாங்கிப் பார்த்தார். கார்க்கின் மேல் ஒட்டிய காகிதம் கிழியவில்லை. மற்றதில் மெழுகு அப்படியே இருந்தது. அப்படியே என்று சொல்லக்கூடாது. மெழுகின் ஓரமெல்லாம் கத்தியால் சுரண்டிய தடம், கோணலும் மாணலுமாக, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு இடத்தில் பல் பதிந்திருந்தது.

"அப்போ மூணு டம்ளர்லயும் அந்தப் பெங்களூர்தானா?" என்றார் வேங்கடசுப்ரமணியன். உடனே ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது அவருக்கு.

ஜெஸி சுவரோடு சாய்ந்துகொண்டாள். "எனக்குப் பிரசவம் முடியட்டும்னு சொல்லாம இருந்திருப்பாப்பா. என் பிள்ளையை அம்மா ஒருநாளும் கையில தூக்கலை. மடியில போடு, மடியில போடுன்னே சொன்னா. இடுப்பு வலின்னா. நானும் நம்பிட்டேன்."

வேதமுத்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். மெழுகுக்குள்ளிருந்து, அதைக் கிழிப்பதற்கென்றே வைத்த நாடாவின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பு. மெழுகு வளையமாகக் கழன்று கையில் வந்துவிட்டது.

இவ்வளவு லேசா என்று அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திருகியதும் வாசம் எழுந்தது. வெனிலா, கருகின சர்க்கரை, ஓக் மரம். ஒன்றுவிடாமல் எல்லாம் தெரிந்தது.

"அடையாளம் இருந்துச்சு ஜெஸி" என்றார். "வந்து எடுத்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டா. நான் போனேன். டம்ளரைத்தான் பார்த்தேன்."