மடக்கிய கால்

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள். உயிரோடு இருந்தவரை அந்தப் பொத்தானை அவள் கணவர் போட்டதே கிடையாது. கல்யாணத்தன்றுகூடத் திறந்துதான் கிடந்தது. கழுத்தை யாரோ பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்பார். இன்றைக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் பெட்டிக்குள் படுத்திருந்தார். அது அவளுக்குத் தாங்கவில்லை. மறுபடி குனிந்து பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

வாசலில் சங்கத்துக்காரர்கள் வந்து நின்றார்கள். முன்னால் செயலாளர். பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர். ஆறடி ஆள். ஊர்வலத்தில் குரல் எடுத்தால் நிர்வாகக் கட்டடத்துக் கண்ணாடி அதிரும். ஆனால் ‘சம்பளக்கா’ முன்னால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதே பல்கலைக்கழகத்தின் சம்பளப் பிரிவில் அவள் அதிகாரி என்பதால் வளாகமே அவளுக்கு வைத்திருந்த பெயர் அது. தாமதமாக வந்ததற்காகச் செயலாளரின் சம்பளத்திலேயே அவள் கைவைத்த மாதங்கள் உண்டு.

பெட்டிக்குள் இருந்தவரோ அங்கே எலக்ட்ரீஷியன், தொழிலாளர் சங்கத்தின் தலைவர். இந்த இரண்டு பேருக்கும் வீட்டில் எப்படித்தான் ஒத்துப்போகிறது என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. ஒத்துப்போகவே இல்லை என்பதுதான் உண்மை. அவர் பாத்திரம் கழுவ, அவள் துடைக்க, சண்டை அதுபாட்டுக்கு நடக்கும்.

"சங்கம் இல்லைன்னா விடுதி கூட்டுறவங்க இன்னும் தினக்கூலியாத்தான் கிடந்திருப்பாங்க."

"அதே சங்கந்தானே ஆபீஸ் பக்கமே எட்டிப் பாக்காத டைப்பிஸ்ட்டைத் திரும்பக் கொண்டுவந்து உக்கார வெச்சுது? அவன் வேலையையும் சேர்த்து யாரு பாக்குறா? நான்தானே!"

இரண்டு பேரும் சொன்னது நடந்த விஷயம்தான். அதனால்தான் சண்டை ஓய்ந்தபாடில்லை. அவள் கடைசிவரை சங்கத்தில் சேரவில்லை.

"அக்கா..." செயலாளர் கக்கத்தில் இடுக்கியிருந்த துணிச் சுருளைக் கைமாற்றிக்கொண்டார். "போற வழியில பல்கலைக்கழக வாசல்ல ரெண்டு நிமிஷம் நிறுத்தலாமான்னு... அப்புறம் இந்தக் கொடி..."

அவளுடைய அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். "உயிரோட இருந்தப்பத்தான் அந்த மனுஷனை வீட்டுக்கு விட்டுக்குடுக்கல. இப்பவாவது விடுங்கப்பா. சூப்பர்வைசர் ஆகியிருக்க வேண்டியவரு. உங்க பின்னாடி அலைஞ்சு, கடைசிவரைக்கும் ஏணி மேலயே நின்னாரு." தங்கையின் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை உங்கிட்ட ஏதாவது சொன்னாராம்மா?"

சொல்லியிருந்தார். நேற்றுக் காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

"என்னைக் கொண்டுபோறப்ப நம்ம பல்கலைக்கழக வாசல்ல கொஞ்சம் நிறுத்தச் சொல்லு. நீ வேணா வண்டியிலேயே இரு. உனக்குப் பிடிக்காது."

"முதல்ல மாத்திரையை முழுங்குங்க. இந்தப் பேச்சு பேசினா எழுந்து போயிடுவேன்."

முழுங்கினார். சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் அவள் வெந்நீர் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் இல்லை. அந்தப் பேச்சை வேறு யாரும் கேட்கவில்லை. ‘ஒண்ணும் சொல்லல’ என்று இப்போது சொன்னால் போதும், வண்டி நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விடும்.

அந்த வாசல் அவளுக்குப் பிடிக்காது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. பெரிய வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் அங்கே குறுக்கே படுத்தார்கள். உள்ளே போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அது சம்பள வாரம். அவள் போய் உட்காராவிட்டால் ஓய்வு பெற்ற கிழடுகளுக்குப் பணம் போகாது.

"நாளைக்கு நான் உள்ள போவேன்" என்றாள்.

"நான் படுத்திருப்பேன்" என்றார் அவர்.

காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போனார்கள். அவர் இறங்கிப் போய்ப் படுத்தார். அவள் ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திப் பூட்டிவிட்டு வந்தாள். மொத்தக் கூட்டமும் பார்த்தது. கைப்பையை இறுக்கிக்கொண்டு அவள் கிட்டே வந்தபோது, வானத்தைப் பார்த்தபடியே அவர் கால்களை மடக்கிக்கொண்டார். ஒரு ஆள் நுழைகிற இடம். அவள் நுழைந்து போய்விட்டாள்.

சங்கக் கூட்டத்தில் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். "மடக்கலைன்னா தாண்டியிருப்பா. அவளை உங்களுக்குத் தெரியாது" என்றாராம். எல்லோரும் சிரித்து விட்டுவிட்டார்கள். வீட்டில் அவரும் அதைப் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. தாண்டியிருப்பாளா என்பது அவளுக்கே இன்றுவரை தெரியாது.

"சொன்னாரு" என்றாள் அண்ணனிடம். "வாசல்ல நிறுத்தச் சொன்னாரு."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயலாளர் துணிச் சுருளைத் தயங்கித் தயங்கி நீட்டினார். "கொடி, அக்கா?"

"கொடியைப் பத்தி ஒண்ணும் சொல்லல." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போத்தலைன்னா எழுந்து வந்து சண்டைக்கு நிப்பாரு. போத்துங்க."

பல்கலைக்கழக வாசலில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். விடுதி கூட்டுகிறவர்கள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து நின்றார்கள். கோஷம் போட வாயைத் திறந்த செயலாளர், வண்டியிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவள் அவர் கால்மாட்டில் போய் நின்றாள்.

உள்ளேயிருந்து பதிவாளரின் கார் வந்தது. ஒருமுறை ஹாரன் அடித்தது. காவலாளி ஓடிவந்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. ஐயாவுக்கு ஏதோ மீட்டிங்காம். பெட்டியை எடுக்க வேணாம். நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னா கார் இப்படியே போயிடும்."

பெட்டிக்கும் வாசல் தூணுக்கும் நடுவே, அவள் நின்ற இடத்தில், ஒரு கார் போகிற அளவு இடம் இருந்தது. அதை அவள் பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? எழுந்திரு" என்று அண்ணன் பதறினார். "சங்கமே வேணாம்னு சொல்றவளாச்சே நீ!"

"இப்பவும் அதேதான் சொல்றேன்."

சொல்லிவிட்டுத் தூணை நோக்கி இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டாள். கார் மறுபடி ஹாரன் அடித்தது, இந்த முறை கொஞ்சம் நீளமாக. அவள் கால்களை மடக்கவில்லை.

சற்று நேரம் கழித்து ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.