நாலு மணிக்குப் போவலாம்

பெரம்பூரில் அந்த வாடகை வீட்டைக் கைநழுவ விட்டது ஸ்டெல்லாமேரியேதான். தம்பி டோனி ஒரு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

“இந்த நேரத்துல யாராவது போய்க் கதவத் தட்டுவாங்களா? படுத்திருப்பாங்க. நாலு மணிக்குப் போவலாம்” என்று அவனை உட்கார வைத்துவிட்டாள்.

நாலு மணிக்குப் போனால், இரண்டு மணிக்கு வந்த யாரோ அட்வான்ஸ் கொடுத்துச் சாவியும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

“பெரம்பூர்ல பொறந்தவ பேசற பேச்சாக்கா இது? மத்தியானம் இங்க யாரு தூங்கறா? முழுப் பாண்டிச்சேரிக்காரியா ஆயிட்ட!” டோனி தெருவிலேயே சிரித்தான்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

கல்யாணமாகிப் புதுச்சேரிக்கு வந்த ஐந்து வருஷமும் அவள் குறை சொல்லாத நாளில்லை. மத்தியானம் ஒரு மணிக்குக் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிடும்; ஊரே தூங்கி எழுந்து நாலு மணிக்குத்தான் திறக்கும். அவசரத்துக்கு நூல்கண்டு வாங்க முடியாது. “இது ஊரா, ஆஸ்பத்திரி வார்டா?” என்பாள். அச்சகத்தில் மிஷின் ஓட்டும் புருஷன் அமலநாதன் காதில் தினமும் இதுதான் விழும். கேட்டுக் கேட்டு, கடைசியில் சென்னையில் ஒரு வேலை தேடிக்கொண்டான். இங்கே விலகல் கடிதம் கொடுப்பதுதான் பாக்கி.

மறுநாள் திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குத் தன் வீட்டு ஜன்னலோரம் நினைவுக்கு வந்தது. மத்தியானம் தெரு அடங்கியதும் அங்கே பாயை விரித்துப் படுப்பாள். பக்கத்து வீட்டுத் தையல்நாயகியின் ரேடியோகூட ஓய்ந்திருக்கும். கடல்காற்று வரும். அதை ஒருநாளும் அவள் யாரிடமும் நல்லதாகச் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. காலாப்பட்டு தாண்டும்போது தீர்மானித்துவிட்டாள். இறங்கியதும் சொல்லிவிட வேண்டும், நாம் எங்கேயும் போக வேண்டாமென்று.

பஸ் ஸ்டாண்டில் அமலநாதன் டிவிஎஸ்ஸோடு நின்றிருந்தான். முகமெல்லாம் பல்.

“மேரி, லெட்டர் குடுத்துட்டேன். ஃபோர்மேன் ஆக்கறேன், இருந்துடுன்னாரு மொதலாளி. எம் பொண்டாட்டி அஞ்சு வருஷமா அவ ஊருக்குத் தவிக்கிறான்னு சொல்லிட்டேன். எம் மிஷின ஓட்ட ஆதிமூலம்னு வேற ஆளையும் போட்டாச்சு. வீடு என்ன ஆச்சு?”

“கிடைக்கலங்க.”

“அதுக்கா மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு? வேற பாத்துக்கலாம். ஏறு.”

அவள் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் அவன் பெரம்பூரைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான். மார்க்கெட் நடக்கிற தூரமா, மாதா கோயில் எந்தப் பக்கம், சாயந்தரம் காலாற நடக்க இடமிருக்கா என்று.

“எல்லாம் பக்கந்தாங்க” என்றாள்.