பத்து மில்லிமீட்டரில் ஓர் அறை

ஆப்லியூ தெருவில் பழைய கேமரா விற்கும் குவான், இரண்டு வைடு ஆங்கிள் ஜூம் லென்ஸ்களை எடுத்துத் துணிமேல் வைத்தான். ஒன்று பத்து முதல் பதினெட்டு மில்லிமீட்டர். மற்றது பதினேழு முதல் நாற்பது.

“என்ன படம் எடுப்ப? மலையா, கட்டடமா, கல்யாணமா?”

“வாடகை ரூம்.”

“அப்ப உனக்கு லென்ஸ் வேணாம்டா, மந்திரவாதிதான் வேணும். ரெண்டையும் கொண்டுபோ. பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் கொடு.”

மூங்கில் சாரத்திலிருந்து விழுந்து முட்டி போனதும், வீட்டுத் தரகரிடம் படமெடுக்கும் வேலைக்கு வந்தவன் நான். பெயர் ஹோய். இருப்பது ஃபுங் அக்கா வீட்டைப் பலகையால் துண்டு போட்டதில் ஒரு துண்டு. ஜன்னல் கிடையாது. மூலைக்கு மூலை குறுக்கே படுத்தால் மட்டும் கெட்டுப்போன கால் நீளும். எனக்கிருந்த வசதி அது ஒன்றுதான்.

பத்து மில்லிமீட்டரை மாட்டி, கதவுக்கு வெளியே குந்தி, என் அறையையே எடுத்துப் பார்த்தேன். சுவர்கள் போலீசைக் கண்டதுபோல் ஒதுங்கி நின்றன. சோற்றுக் குக்கர் எங்கோ அடிவானத்தில் தெரிந்தது. அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டா ஹோய், இது எந்த ஓட்டல்?”

“நான் இருக்கிற ரூம்தான்க்கா.”

“இவ்வளவு பெருசா! ஒண்டி ஆளுக்கா இதைக் கொடுத்து வெச்சிருக்கேன்? நடுவுல பலகை அடிச்சா இன்னொருத்தன் வருவான்.”

“லென்ஸ் அப்படிக் காட்டுதுக்கா. உள்ள வந்து நின்னு பாருங்க.”

வந்தாள். இரண்டு தோளும் இரண்டு பக்கமும் உரசின.

“நான் கொஞ்சம் குண்டாயிட்டேன்,” என்றாள்.

டேப்பால் அளந்து காட்டினேன்.

“டேப்பு பழசு. சுருங்கிப்போச்சு.”

மறுநாள் தச்சன் பலகையோடு வந்தான். பலகை உள்ளே திரும்பவே இல்லை. படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான்.

“படத்துப்படி தாராளமா போகுதும்மா. ரூமைத்தான் தப்பாக் கட்டியிருக்காங்க. அறுத்து எடுத்துட்டு வரேன்.”

பலகை அடித்தால் காலை நீட்டுவது அதோடு சரி. அவன் திரும்புவதற்குள் மற்ற லென்ஸை மாட்டி நாற்பதுக்குத் திருகினேன். எண் ஏற ஏறப் படத்தில் விழும் இடம் குறையும்.

“உங்க ரூமையும் ஒண்ணு எடுத்துடறேன்க்கா.”

அவள் அறை என் சுவருக்கு அந்தப் பக்கம். நல்ல ஜன்னல், நீளமான கட்டில். தலை வாரிக்கொண்டு வந்து சாமி மாடத்தின் அருகில் நின்றாள். படத்தில் பாதி மாடமும் அவளுடைய ஒரு காதும் விழுந்தன.

“மிச்ச ரூம் எங்கடா?”

“இவ்வளவுதான் விழுந்துதுக்கா.”

அவள் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

“திருட்டுப் பயலே! ராத்திரியெல்லாம் காலை நீட்டி நீட்டி, என் இடத்தையும் உன் பக்கம் இழுத்துக்கிட்டியா? மாத்து! இப்பவே ரூமை மாத்து!”

நான் மறுக்கவில்லை. முட்டி வலித்துக்கொண்டிருந்தது.

அறுத்த பலகையோடு வந்த தச்சனை அவளே துரத்தினாள். “ஹாலை யாராவது ரெண்டாக்குவாங்களாய்யா?”

அன்றைக்கு ஜன்னலடியில் நேராகப் படுத்தேன். சுவருக்கு அப்பால் அவள் முழங்கை இடித்துக்கொண்டே இருந்தது.

“அப்பா, என்னா காத்தோட்டம்!” என்றாள்.

காலையில் சுவரைத் தட்டினாள். “டேய் ஹோய், ரூம் லேசா சுருங்கின மாதிரி இருக்கு. இன்னொரு படம் எடு.”

பத்தில் எடுத்துக் காட்டினேன். முகம் தெளிந்தது.

நேரே குவானிடம் போய்ப் பதினேழு-நாற்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.

“அடேய், ரெண்டுல இதுதான் நல்ல லென்ஸ். பத்துல ஓரமெல்லாம் இழுத்துக்கும். அதைக் கொடுத்துட்டு இதை வெச்சுக்கோ.”

“முடியாது. அதுல ஆள் குடியிருக்காங்க.”