விக்கலோடு ஒரு நேர்முகத் தேர்வு

பேச்சும் நாடகமும் கற்றுத்தரும் ஆசிரியையாக வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அந்தப் படிப்பில் சேருகிறவர்களில் ஒருவருக்குக் கல்லூரி மூலம் உதவித்தொகை கிடைத்து வந்தது. அதற்கான நேர்முகத் தேர்வுக்கு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பதற்றத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. தாழ்வாரத்தில் காத்திருந்தபோது பசி தாங்காமல் ஒரு ரொட்டித் துண்டை அப்படியே விழுங்கினாள். பிடித்துக்கொண்டது விக்கல்.

"தண்ணியக் குடிடி."

"குடிச்சாச்சு... ஹிக்!"

"மூச்சைப் பிடி."

பிடித்தாள். கன்னம் உப்பி, கண் பிதுங்கி நிற்கிற நேரம் பார்த்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில், சிரித்தால் வேலை போய்விடும் என்பதுபோல் துறைத்தலைவி. ஒரு பக்கம் நாடக ஆசிரியர். மறுபக்கம், உதவித்தொகையை வழங்கும் பல் டாக்டர். நடிகராக ஆசைப்பட்டு, அப்பா போட்ட போட்டில் பல் பிடுங்கப் போனவர்.

"நல்ல பேச்சுன்னா என்னம்மா?" என்றார் துறைத்தலைவி.

"தங்கு ஹிக்! தடையில்லாம ஹிக்! வர்றது மேடம்."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். "பயமுறுத்தினா நின்னுடும், நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து, அவள் முதுகுப்பக்கம் போய், "பே!" என்றார்.

விக்கல் மசியவில்லை. உடனே நாடக ஆசிரியர், "பாம்பு! பாம்பு!" என்று அலறினார். அலறிவிட்டு, எப்படி என்பதுபோல் எல்லார் முகத்தையும் பார்த்தார்.

வாயாடியால் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். பாம்பைப் பாத்தவர் எங்களை ஏன் பாக்கப்போறார்? ஹிக்! கால் முதல்ல பின்னால போகும். சத்தம் அப்புறம்தான் வரும்." டாக்டரிடம் திரும்பினாள். "நீங்க ஷூவைத் தேய்ச்சுக்கிட்டு வந்தீங்க, தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. அதோட, 'பே'ன்னு யாரையோ நலம் விசாரிக்கிற மாதிரி சொல்றீங்க!"

டாக்டர் கோபப்படுவார் என்று பார்த்தால், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இப்ப சொல்லும்மா."

"தோளைத் தளத்துங்க. அடிவயித்துலேர்ந்து மூச்சு வரணும். நாங்க யாரும் இங்க இல்ல. நீங்க பேய். ரொம்ப நாளா யாரும் உங்களைக் கண்டுக்கல."

டாக்டர் கண்ணை மூடினார். பூனைபோல் அறையைச் சுற்றி வந்தார். பிறகு ஒரு கத்து கத்தினார். மதிப்பெண் போடக் குனிந்திருந்த துறைத்தலைவி நாற்காலியோடு சாய்ந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா குடையோடு பாய்ந்தாள். "யாருடா என் தங்கச்சியை..."

"ஒண்ணுமில்லக்கா, சார் கத்தக் கத்துக்கிறார்."

"ஹிக்!"

எல்லாரும் வாயாடியைப் பார்த்தார்கள். அவள் இல்லை என்று தலையாட்டினாள். தரையிலிருந்து துறைத்தலைவி எழுந்துகொண்டிருந்தார்.

"நீ வெளிய ஹிக்! உக்காரும்மா."

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். சொல்ல வாயெடுத்தார், தொண்டை கட்டிப்போயிருந்தது. வாயாடியைக் காட்டினார், தன் நெஞ்சைத் தட்டினார், இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"நெஞ்சு வலியா சார்?" என்று அக்கா பதறினாள்.

பின்னால் வந்த நாடக ஆசிரியர்தான் சொன்னார். "உதவித்தொகை உங்க தங்கச்சிக்குத்தான். பல் டாக்டரையே பேயா நடிக்க வெச்சுட்டா, பசங்களையா விடுவா?"

வாயாடி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, இங்கே கேண்டீன் எந்தப் பக்கம் என்று விசாரித்தாள்.