கதவு எண் இல்லாத களிவண்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு அலுவலக வரிசையில். குடிநீர் இணைப்புக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் பழைய வேன் ஒன்றைச் சமையல்கூடமாக மாற்றி, அதற்கு உரிமம் கேட்டு வந்திருந்தார். குமாஸ்தா படிவத்திலிருந்து தலையை எடுக்காமல் கதவு எண் என்ன என்று கேட்டார். வேனுக்கு நாலு கதவு இருக்குதுங்க, எதைச் சொல்றது என்றார் அவர். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்த பிறகுதான், அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பது உறைத்தது.

அவர் படித்துத் தன்னை அடையாளம் கண்டுகொள்வாரோ என்று பயந்து கதையை 1955க்குத் தள்ளினேன். ஆணைப் பெண்ணாக்கினேன். வேனை ஒற்றை மாட்டு வண்டியாக்கினேன். இடம், ஓசூருக்கும் மைசூர் எல்லைக்கும் நடுவே ஒரு ஊர். (பெயரை எழுதி அடித்துவிட்டேன். அந்த ஊர்க்காரர்களின் பேரன்மார் படிக்கிறவர்கள்.)

2

முதல் தொடக்கம்: "மாதம்மாள் விடியலில் எழுந்து, பனி மூடிய மலைகளைப் பார்த்தபடி தன் தனிமையை—"

வேண்டாம். அவள் மலையைப் பார்க்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

மறுபடி தொடங்குகிறேன். மாதம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் கங்கப்பன் காய்ச்சலில் போய் மூன்று வருஷம். பிள்ளை குட்டி இல்லை. அவன் விட்டுப்போன வண்டியின் பின்பக்கம் தகரம் அடித்து, மண் அடுப்பு வைத்து, பெங்களூர் ரோட்டுப் புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். ராகிக் களி, கொள்ளுச் சாறு, சாப்பிட மந்தார இலை. அவ்வளவுதான் கடை. கல் ஏற்றிப் போகிற லாரிக்காரர்கள் இறங்கி நின்றபடியே சாப்பிட்டார்கள். ஒருத்தன் தமிழில் கேட்பான், ஒருத்தன் கன்னடத்தில், இன்னொருத்தன் தெலுங்கில். மூன்றிலும் பதில் சொல்லுவாள். ஊத்தங்கரைக்காரன் முனிவேல் என்கிற டிரைவர் வாரத்துக்கு இரண்டு தரம் வருவான். அக்கா, இன்னொரு உருண்டை போடு என்பான். அவளை அக்கா என்று கூப்பிட அவன் ஒருத்தன்தான் மிச்சமிருந்தான்.

அந்த ரோட்டில் யாரும் அவளிடம் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. [இந்த வரியை இங்கே வைப்பதா, பின்னால் வைப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.]

3

ஒரு நாள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோவிந்தன் சைக்கிளில் வந்து இறங்கினார். ஊரில் ஓட்டல் வைத்திருந்தவர் அவள்மேல் மனுக் கொடுத்திருந்தார். சமைத்து விற்க லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்து மாட்டைப் பவுண்டுப் பட்டியில் அடைக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதம்மாள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். அங்கே குமாஸ்தா நாராயணப்பன். (முதலில் இவரைக் கெட்டவராக எழுதினேன். எழுத எழுத, அவர் உதவி செய்யத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது. அதுதான் சங்கடம்.) விதிப் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். சமைத்து விற்றால் ஓட்டல். ஓட்டலுக்குக் கட்டிடம் வேண்டும், கட்டிடத்துக்குக் கதவு எண் வேண்டும். சக்கரம் இருந்தால் வண்டி. வண்டிக்கு நம்பர் வில்லை தரலாம், ஆனால் அடுப்பு எரிக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றிவிட்டால் கட்டிடம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் புறம்போக்கில் கட்டிடம் என்றால் ஆக்கிரமிப்பு. கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கட்டுங்களா என்று அவள் கேட்டாள். அது ரோட்டு இலாகாவின் இடம் என்றார். இன்னும் தள்ளி? அது மைசூர் ராஜ்யம். தாலூகாவே எந்தப் பக்கம் போகும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம் அது.

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"எந்தத் தெரும்மா?"

ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் தெருவைச் சொன்னாள். அந்தத் தெருக்காரர்களுக்கு ஊர்க் கிணற்றில் வாளி விட உரிமை கிடையாது. நாராயணப்பனின் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினார்.

நாலு மாதம் நடந்தாள். கடைசியில் அனுமதிச் சீட்டு வந்தது. சந்தைத் திடல், தெற்கு மூலை. வேறெங்கும் நிறுத்தக் கூடாது. அனுமதித்த இடத்தில் தினமும் இருக்க வேண்டும்.

4

சந்தை புதன்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் திடலில் காற்றுதான். மாதம்மாள் வண்டியை அவிழ்த்துவிட்டு, அடுப்பை மூட்டி, இரண்டு உருண்டைக்கு மட்டும் களி கிண்டுவாள். ஒன்று அவளுக்கு, ஒன்று மாட்டுக்கு. ரோட்டிலிருந்து லாரிச் சத்தம் கேட்கும். சில சமயம் ஹாரனை விட்டுவிட்டு அடிப்பார்கள். முனிவேல் புளியமரத்தடியில் நின்று தேடுகிறானோ என்று நினைப்பாள். இங்கே இருக்கிறேன் என்று யாரிடம் சொல்லியனுப்புவது? நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவதைக் கவனித்து, மாட்டிடம் மூன்று பாஷையிலும் பேச ஆரம்பித்தாள்.

முதல் புதன். பெரிய பானை நிறையக் கிண்டினாள். பக்கத்து ஊரான தளியிலிருந்து காய்கறியும் பூவும் வந்து இறங்கின. திடல் நிரம்பியது. களி ஆவி பறந்தது. கொள்ளுச் சாற்று வாசனை பாதித் திடலுக்கு எட்டியது. வந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், நடந்தார்கள். வெளியூர்க்காரி ஒருத்தி மட்டும் வந்து இலையைக் கையில் எடுத்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் காதில் ஏதோ சொன்னாள். எடுத்த இலையை அடுக்கிலேயே திரும்ப வைத்துவிட்டு அவள் போனாள்.

மத்தியானம் கோவிந்தன் வந்தார். தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தார், மூடுதட்டைப் பார்த்தார், நோட்டில் எழுதினார். என்ன எழுதினீங்க என்று கேட்டாள். சுத்தமாக இருக்கிறது என்று எழுதியதாகச் சொன்னார்.

"அப்படின்னா ஒரு உருண்டை சாப்பிட்டுப் போங்க, சாமி."

"நான் டூட்டியில இருக்கேம்மா" என்றார். நல்ல மனுஷன். சைக்கிளில் ஏறும்போது காலுக்குப் பெடல் சரியாகச் சிக்கவில்லை.

5

இங்கிருந்து எனக்கு வழி தெரியவில்லை. எழுதிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

கோவிந்தன் திரும்பி வந்து சாப்பிடுகிறார்; அவரைப் பார்த்துச் சந்தையே வந்து நிற்கிறது. எழுதும்போது கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது.

முனிவேல் விசாரித்துக்கொண்டு வந்து சேர்கிறான், பின்னாலேயே ஏழெட்டு லாரிகள்— ஒரு நாளைக்குச் சரி. மறுநாள்?

அவள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புளியமரத்தடிக்கே போகிறாள். மாட்டைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பவுண்டில் அடைக்கிறார்கள். அவளுடைய மூன்று பாஷையையும் கேட்டுக்கொண்டிருந்த மாடு அது. அந்தப் பக்கத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த முதல் புதனன்று பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அடுத்த புதனும் வந்தாள். அரைப் பானைதான் கிண்டினாள்.

இப்போது அந்தப் புதன், காலை பதினோரு மணி. நீங்கள் தளியிலிருந்து நடந்தே வந்திருக்கிறீர்கள். பசி. அவள் எந்தத் தெரு என்பதை நான் உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன். அவள் ஒரு மந்தார இலையைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறாள்.